மைக் செட்டுக்காரன் மனைவியின் தொண்டை

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட புண்ணியவான் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், வீடு சௌக்கியம், ஆம்ப்ளிஃபயர் சௌக்கியம். அங்கே நீங்கள், சகலை, சகலையின் முழங்கால், உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார், எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தங்கையின் தொண்டை எப்படி இருக்கிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவளே பதில் சொல்ல வந்துவிடுவாள்.

கடிதத்தைக் கண்டதும் சகலை, "இந்தக் காலத்துல எவன் லெட்டர் போடுறான்?" என்று மூக்கில் இருக்கும் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவார். போன் செய்யக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டது நீங்கள்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உத்தரவு அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு என் மேல்தான், ஆனால் பெரிய தப்பு இல்லை. அன்றைக்கு நீங்கள் போனை அவள் காதில் வைத்து, "அவர் பேசுவார், நீ கேட்டா மட்டும் போதும், வாயைத் திறக்காதே" என்று சொன்னதை நானும் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பேசுவாள், நான் நடுவில் நாலு கிண்டல் செய்வேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தால் எப்படி? அதனால் சும்மா, விளையாட்டுக்கு, "உன் வெள்ளைச் சேலையை என் வேலை பேண்ட்டோட சேத்து வாஷிங் மிஷின்ல போட்டிருக்கேன், கொஞ்சம் நீலம் ஏறுது, பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றேன். "எடுங்க வெளியே!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி. அது அவள் குரல் என்று எனக்கே தெரியவில்லை. உடனே நீங்கள் போனைப் பிடுங்கி, "மனுஷனா நீங்க? இனிமே இந்த நம்பருக்குப் போன் வந்துச்சுன்னா நான் பொல்லாதவளா இருப்பேன்" என்றீர்கள். இனிமேல்தானா என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சேலை பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனதிலும் எனக்கு வருத்தம் இல்லை. டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டவன்தானே. தொண்டையில் இருந்தது கெட்ட கட்டி இல்லை, எடுத்தாயிற்று, ஆனால் வரப்போகும் விடுமுறை முடிந்து தன்னிடம் மறுபடி காட்டும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, பேசினால் குரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்றார். "இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் நடக்காததை நீங்க ஒரே நாள்ல சாதிச்சுட்டீங்களே டாக்டர்" என்றேன். கட்டிலில் படுத்திருந்தவள், "இவரைப் பாருங்க..." என்று ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் நர்சைக் கூப்பிட்டு, "முதல்ல இந்த ஆளை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். மற்றவர்களுக்கு மாத்திரை, மருந்து என்று எழுதிக்கொடுக்கிறார்கள், உங்கள் தங்கைக்கு மட்டும் புருஷனைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். நீங்கள்தான் உடனே, "எங்க வீட்டுலயே இருக்கட்டும், இவர் பக்கத்துல இருந்தா இவ வாய் நிக்காது" என்று பையைத் தூக்கினீர்கள். உண்மைதான், நிற்காது. பஸ்ஸில் ஏறும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. கேஸ் சிலிண்டரைப் பற்றி இருக்கும்.

அவள் போன மறு வாரமே விடுமுறை ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவை விடுமுறையில் நீங்கள் பார்த்ததில்லை. பெட்டியும் பிள்ளையுமாக எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். "நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்று போகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு இதுதான் சொந்த ஊர். சொந்த ஊரிலேயே பிறந்து சொந்த ஊரிலேயே பிழைக்கிறவனுக்கு விடுமுறைக்குப் போக ஊர் கிடையாது அக்கா, இது ஒருவருக்கும் புரிவதில்லை. எல்லார் வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் எழுந்து ஒவ்வொரு வீட்டுச் செடிக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன். முனை வீட்டுக்காரர் மீன் தொட்டியையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மீன்கள் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது, இவர்களுக்கும் அதே டாக்டர்தானோ என்று தோன்றுகிறது.

ஊரே காலியாகிவிடுவதால் விடுமுறையில் மைக் செட்டுக்கு வேலை இல்லை. சமையல் செய்கிறேன், அதைச் சமையல் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். முட்டை அவித்தால் வெடிக்கிறது. சோறு ஒரு நாள் கஞ்சியாகிறது, ஒரு நாள் அரிசியாகவே இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, தட்டில் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் வாய் மெல்லும் சத்தம் எனக்கே கேட்கிறது. இதுவரை நான் மெல்லும் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தையல்காரரின் கடனில் ஆரம்பித்து உங்கள் வீட்டுத் திரைச்சீலை நிறம் வரை ஒரு சுற்று வந்து முடிப்பதற்குள் என் தட்டு காலியாகிவிடும். (திரைச்சீலையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வாள், நீங்கள் ஒன்றும் நினைக்காதீர்கள்.)

இப்போது நடந்த கூத்தைச் சொல்கிறேன். இதை நீங்கள் முதலில் தனியாகப் படியுங்கள், அவள் கத்த வாய்ப்புள்ள வரிகளை மையால் அடித்துவிட்டு அப்புறம் அவளிடம் கொடுங்கள்.

பொழுது போகாமல் பழைய சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பென் டிரைவ் கிடைத்தது. போன வருடம் விளையாட்டு மைதானத்தில் நாங்கள் செட் போட்டபோது, குரல் எப்படிப் பதிகிறது என்று பார்க்கப் பதிந்தது. நான் கம்பத்தின் மேல் ஏறி ஹாரன் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறேன், கீழே உங்கள் தங்கை மைக்கைப் பிடித்துக்கொண்டு சோதனை செய்கிறாள். எங்கள் தொழிலில் அறிவிப்பெல்லாம் அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும், என் குரலைக் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். சரி, இதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டலாம் என்று ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். "ஹலோ... ஹலோ... ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று அவள் ஆரம்பித்தாள். பிறகு வழக்கம்போல் மைக்கை மறந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அவ்வளவு மேல ஏறாதீங்கன்னு சொன்னேன்ல? கேக்குதா இல்லையா?"

"கேக்குது, கேக்குது" என்றேன் நான், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

"கேக்குதுன்னா இறங்க வேண்டியதுதானே!"

"இரு, வர்றேன்."

"காலையிலயிருந்து வெறும் வயித்துல ஏறி நிக்கிறீங்க. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. முட்டை வெடிச்சிருச்சு."

இப்படியே அவள் கேட்க, நான் பதில் சொல்ல, கொஞ்ச நேரம் போனது. வெங்காயம் வெட்டினால் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம், அதை விடுங்கள். ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். மொட்டைமாடியில் காய வைத்திருந்த ஹாரன் குழாய்கள் இரண்டிலும் ஒயரைக் கழற்றவில்லை. அதுகூடப் போகட்டும், துடைப்பதற்காக அடுப்படி மேடையில் வைத்திருந்த மைக்கும் ஆனில் இருந்திருக்கிறது. அவள் கேட்டதும் நான் சொன்னதும், முட்டை முதற்கொண்டு, காலித் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்புடன் ஓடி வந்து நிற்கிறார். "அக்கா வந்துட்டாங்களா? குரல் திரும்பிருச்சா? மணி மாதிரி இருக்கே!" அவருக்குப் பின்னால் மாடிவீட்டு டீச்சர், கையில் ஒரு பாத்திரம் சூப்புடன். அந்த இருவருக்கும் என்னைப் போல இதுதான் சொந்த ஊர், விடுமுறைக்கு எங்கும் போகவில்லை. "தொண்டைக்கு இதமா இருக்கும், அவங்க எங்க?" என்று டீச்சர் நேரே படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். உள்ளே ஒரே ஒரு தட்டு, வெட்டிய வெங்காயம், நான். கூடத்தில் ஆம்ப்ளிஃபயர், "அந்தக் கறுப்பு ஒயரைத் தொடாதீங்க, அறிவில்லையா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் அணைத்தேன். தையல்காரர் என்னைவிடப் பெரிய கிண்டல்காரர், நான் விழுந்தால் சிரித்துவிட்டுத்தான் தூக்குவார். இன்றைக்கு இந்தத் தெருவில் என் மானம் ஏலம் போகப் போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர்தான் மெதுவாக, "இன்னொரு தடவை போடுங்களேன். தெருவே காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து, உங்கள் தங்கை என்னைத் திட்டுவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டோம். நல்ல நல்ல திட்டு இருக்கிறது அக்கா அதில். கம்பத்தின் மேல் இருந்தபோது எனக்குப் பாதி காதில் விழவில்லை. கடைசியில், "சரி, இறங்கிட்டீங்களா? அப்பாடா" என்று ஒரு மூச்சு விடுகிறாள், அத்தோடு முடிகிறது. தையல்காரர் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "அந்தக் கடைசி மூச்சை மட்டும் இன்னொரு தரம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பெண்டாட்டி விட்ட மூச்சை இவர் என்ன கேட்பது? ஆனாலும் போட்டேன்.

சூப்பை நான்தான் குடித்தேன். என் தொண்டையும் சரியில்லாமல்தான் இருந்தது.

இதையெல்லாம் உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான். ஆள் துணைக்குக் குறைவில்லை. குரல் இனிமேல் எப்படி வருமோ என்று அவள் பேப்பரில் எழுதிக் காட்டி அழுதாள் என்று சகலை தையல்காரரிடம் போனில் சொன்னாராம். (எனக்குத்தான் போன் தடை, தையல்காரருக்கு இல்லை.) அவளிடம் சொல்லுங்கள், நான் மைக் செட்டுக்காரன், எந்தக் குரல் வந்தாலும் எனக்குச் சரிசெய்யத் தெரியும். கட்டையாக வந்தால் பேஸைக் குறைத்துக்கொள்கிறேன். கீச்சென்று வந்தால் ட்ரெபிளைக் குறைத்துக்கொள்கிறேன். தகரத்தை இழுத்த மாதிரியே வந்தாலும் அது என்னைத்தானே கூப்பிடும். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை என்று எழுத வேண்டும் என்றுதான் இந்த வரியை ஆரம்பித்தேன்.

அக்கா, உங்களுக்கும் எனக்கும் ஆகாது என்பது ஊர் அறிந்த விஷயம். சகலையின் ஓய்வு விழாவில் அவர் "அன்பார்ந்த" என்று சொன்னதும் மைக் செத்துப் போனதை நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நீங்கள் இன்னமும் நம்புகிறீர்கள். நம்புங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் ஆபரேஷன் அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் யாரிடமோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் வந்தீர்கள், என் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தீர்கள், "வாயை மூடிட்டு இதைத் தின்னுங்க" என்றீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். உங்கள் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தரையில் படுக்கிறீர்கள் என்றும் தெரியும். நன்றி என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், நம் இருவருக்கும் நடுவில் அது விருந்தாளி மாதிரி நிற்கிறது. உட்காரச் சொல்லுங்கள்.

ஆகையால் அவளை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உங்களிடமே இருக்கட்டும். நானும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், வந்தால் வாய் சும்மா இருக்காது, அவளைப் பேச வைத்துவிடுவேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தனியாக இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சகலையின் முழங்காலுக்கு என் வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் தங்கைக்கு நீண்ட மௌனமும், அதற்கப்புறம் அதைவிட நீண்ட பேச்சும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: மேலே, உங்கள் பக்கம் வர மாட்டேன் என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தைப் போடப் போனால் தபால் நிலையத்துக்கும் விடுமுறையாம். தபால் பெட்டிக்கு எதிரிலேயே உங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது, பாதி காலி. செடிகளையும் மீன்களையும் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிவிட்டேன். இந்த எழுத்து ஆடுவது பஸ்ஸால்தான். ஆக, இந்தக் கடிதத்தை வாசலில் நின்று உங்கள் கையில் கொடுக்கும் ஆள் நானேதான், வாய்க்குக் குறுக்கே ஒட்டியிருப்பது மருந்துக்கடை பிளாஸ்திரி. திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், பதில் வராது. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவளையும் பேச விட மாட்டேன். டாக்டர் பார்க்கும் நாள் வரை அவள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும். ஒரே ஒரு சந்தேகம்: இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் அவள் கட்டாயம் சிரிப்பாள். சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அதுவரை வெளியிலேயே நிற்கிறேன். சீக்கிரம் கேளுங்கள் அக்கா.