கண்மூடாத எர்காஷுக்கு மருந்து

எர்காஷின் படுக்கையைச் சுற்றி அன்று காலை நின்றவர்கள்: புகைச்சட்டியோடு அவர் மனைவி முயஸ்ஸர், மருந்துக்கடையில் வேலை செய்யும் அடுத்த வீட்டு ஜெபோ, எதிர் வீட்டு சலூன்காரன் கோபில், தெருத் தலைவர் தோலிப், யாரும் கூப்பிடாமல் வந்த ஒரு பூனை. பூனையைத் தவிர மற்ற எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. புகையால்தான் என்று எர்காஷ் நினைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இஸ்ரிக் போடும்மா," என்றார் தோலிப்.

முயஸ்ஸர் காய்ந்த இஸ்ரிக் செடியை இன்னொரு பிடி கிள்ளித் தணலில் போட்டாள். அறையில் சுவர் மறைந்தது.

"போதும். மூச்சு முட்டுது," என்றார் எர்காஷ்.

"முட்டணும். அப்பத்தான் உள்ள இருக்கிற கண்ணேறு வெளிய வரும்."

"கண்ணேறு வராது தலைவரே, குடல்தான் வரும்."

ஜெபோ புகைக்குள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "தூக்கம் வருதா அண்ணே?"

"நாலு பேர் நின்னு உத்துப் பாத்தா எப்படிம்மா வரும்?"

"வரலையாம்," என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். பரீட்சையில் பையன் சரியான விடை சொன்னதுபோல மூவரும் தலையசைத்தார்கள்.

எர்காஷுக்குத் தூக்கம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அவர் இனாயத்தின் திராட்சைக் கிடங்கில் இரவுக் காவலர். கோகந்த் ஊரில் அந்தக் கிடங்கைத் தெரியாதவர் இல்லை. தகரக் கூரை, தகரச் சுவர், உள்ளே கூரை தொடும் கிஸ்மிஸ் மூட்டைகள். கல்யாணமான முதல் மாதமே முயஸ்ஸர் இனாயத்தின் அப்பாவைப் போய்ப் பார்த்து, கையைக் காலைப் பிடித்து, அந்த வேலையைக் கணவனுக்கு வாங்கிக் கொடுத்தாள். குடும்பத்தின்மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எர்காஷ் நெகிழ்ந்துபோனார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு ராத்திரிகூட விடுப்பு எடுத்ததில்லை. எடுக்க முயஸ்ஸர் விட்டதில்லை. பெருநாள் இரவில்கூடச் சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்து, "உங்களை நம்பித்தான் ஊரே இருக்கு," என்று தெருமுனைவரை கூட வந்து அனுப்பிவைப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று தெருவே கூடியது. கோடு போட்ட சப்பான் அங்கியைத் தோளில் போர்த்தி, புதுத் தொப்பியைத் தலையில் வைத்து, தோலிப் பேசினார். "வாழ்நாளெல்லாம் ராத்திரியில கண்மூடாத மனுஷன் இவரு!" எல்லோரும் கைதட்டினார்கள். எர்காஷ் தரையைப் பார்த்தார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உண்மை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ராத்திரியிலிருந்து கடைசி ராத்திரிவரை எர்காஷ் தூங்கினார். கிஸ்மிஸ் மூட்டைபோல ஒரு மெத்தை உலகத்தில் கிடையாது. சாய்ந்தால் உடம்புக்குத் தகுந்தபடி குழியும். இனிப்பாக ஒரு வாசனை வரும். வெளிப்பக்கம் பூட்டு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அவர் தூங்கியிருப்பார். மறுநாள் காலையில் பூட்டைத் திறக்கும் சத்தத்தில்தான் எழுவார். ஒரு நாளும் எதுவும் திருடு போனதில்லை. அது எப்படி என்று அவருக்கே தெரியாது. யோசித்ததும் இல்லை.

இதற்கான தண்டனையைப் பகலில் அனுபவித்தார். வீட்டுக்கு வந்ததும் முயஸ்ஸர் ஜன்னலைக் கம்பளத்தால் மூடிவிடுவாள். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பார்கள். நல்ல சேவல் ஒன்று இருந்தது, அதையும் விற்றாள். "அப்பா ராத்திரி பூரா முழிச்சிருந்தாரு, மூச்சு விடாதீங்க." வயிறு நிறையத் தூங்கிவிட்டு வந்த மனிதன், மத்தியானம்வரை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குவதாகப் பேர்பண்ணிப் படுத்திருப்பார். ஒரு ஆயுளின் காலை நேரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. உண்மை தெரிந்தால் முயஸ்ஸர் அவரைக் கொன்றுவிடுவாள். மற்றதெல்லாம் வேண்டாம், அந்தச் சேவல் ஒன்று போதும்.

ஓய்வு பெற்று வீட்டில் படுத்த முதல் இரண்டு ராத்திரி எர்காஷ் சுகமாகத் தூங்கினார். மூன்றாம் நாள் காலை, முயஸ்ஸர் வீங்கிய கண்ணோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ராத்திரி நீங்க தூங்கவே இல்லபோல."

எர்காஷின் வாயில் ரொட்டி இருந்தது. மென்றுகொண்டே அவசரமாக யோசித்தார். தூங்கினேன் என்று சொன்னால், பழக்கமில்லாதவருக்கு அது எப்படி உடனே வந்தது என்று கேட்பாள். அங்கே தொட்டால் சேவல்வரை போகும்.

"ஆமா. பொட்டுக் கண்ணு மூடல," என்றார்.

"அப்படித்தான் நெனச்சேன்," என்று அவள் எழுந்தாள். "மருந்து பாக்கணும்."

முதல் மருந்து ஜெபோ கொண்டுவந்த மலைவேர். தங்கவேர் என்று பேர். கொதிக்க வைத்தால் துருப்பிடித்த தண்ணீர்போல இருக்கும். காலை ஒரு கிண்ணம், மத்தியானம் ஒரு கிண்ணம், படுக்கப்போகும் முன் இரண்டு கிண்ணம்.

"உடனே கேக்காது அண்ணே. வேர் உடம்புல ஊறணும்," என்றாள் ஜெபோ.

ஊறியது. அன்று ராத்திரி எர்காஷின் நெஞ்சு கல்யாண வீட்டுத் தப்பட்டைபோல அடித்தது. கண்ணை மூடினால் தானாகத் திறந்துகொண்டது. அவர் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. வேர் கேட்கவில்லை என்று காலையில் சொன்னார். வேரைக் கூட்டினார்கள்.

அதுவும் கேட்கவில்லை என்றபோதுதான் இந்தப் புகை.

புகை கலைந்ததும் ஜெபோ பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். "வலேரியன். தூக்கத்துக்கு இதைவிட்டா வேற கெடையாது."

எர்காஷ் ஆவலோடு கையை நீட்டினார்.

"குடிக்கக் கூடாது அண்ணே. தலகாணியில தெளிக்கணும். வாசனை போதும்."

"எங்க அத்தை குடிச்சாங்களே?"

"உங்க அத்தை இப்ப எங்க?"

"செத்துப்போயிட்டாங்க."

"பாத்தீங்களா?"

தொண்ணூறு வயதில் செத்தாள் என்று எர்காஷ் சொல்ல வருவதற்குள் புட்டி காலியாகிவிட்டது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், வலேரியன் வாசனைக்குப் பூனைகள் என்ன செய்யும் என்று. எர்காஷுக்கு அன்று மாலைதான் தெரிந்தது. மதில்மேல், கூரைமேல், ஜன்னல் விளிம்பில், எல்லாத் தெருப் பூனைகளும் வந்து கூடின. தலையணையைக் கட்டிப் புரண்டன. ஒன்று அவருடைய தொப்பிக்குள் உட்கார்ந்து விடியும்வரை பாடியது.

மறுநாள் கோபில் ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே ஆட்டு வால் கொழுப்பு.

"உள்ளங்காலுல தேச்சுக்குங்க அண்ணே. சூடு எறங்கும், தூக்கம் ஏறும்."

"பூனைங்க இருக்குதே, தம்பி."

"பூனைங்க தலைமாட்டுலதானே? இது காலுக்கு."

முடிவெட்டும் கையால் அவனே அழுந்தத் தேய்த்துவிட்டான். அன்று ராத்திரி பூனைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஒரு கட்சி தலையணையில். இன்னொரு கட்சி உள்ளங்காலை நக்கியது. அரத்தால் தேய்ப்பதுபோல இருந்தது. எர்காஷ் சிரித்தார், அழுதார், கொல்லைப்புறம் ஓடலாம் என்று எழுந்து, கொழுப்புக் காலோடு வழுக்கி, இடுப்பில் அடிபட்டுக்கொண்டார்.

"தூக்கம் எப்படி இருந்துச்சு?" என்று காலையில் முயஸ்ஸர் கேட்டாள். அவள் முகம் தெளிந்து, கன்னத்தில் நிறம் வந்திருந்தது. நேற்றுப் பூனைச் சத்தத்தில் இவள் எப்படித் தூங்கினாள் என்று எர்காஷுக்கு ஆச்சரியம்.

கடைசியில் தோலிப் ஒரு முடிவோடு வந்தார்.

"எர்காஷ், இது உடம்புக் கோளாறு இல்லப்பா. காவல் காத்த உடம்பு காவல் கேக்குது. ராத்திரி கொஞ்ச நேரம் காத்தீன்னா அதுவே அடங்கிடும்."

"எதைத் தலைவரே காக்கிறது?"

தோலிப் வாசலைக் காட்டினார். ஏற்கனவே ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். தெருவுக்குச் சொந்தமான கல்யாண பிரியாணி அண்டாக்கள், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள், கோபில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டியிருந்த நான்கு செம்மறி ஆடுகள். எல்லாம் எர்காஷின் முற்றத்தில் இறங்கின.

"இனிமே ராத்திரியில நாங்க நிம்மதியா இருப்போம்," என்றார் தோலிப். அதை அவர் ரொம்ப உணர்ச்சியோடு சொன்னார்.

வாழ்க்கையில் முதல் முறையாக எர்காஷ் நிஜமாகவே காவல் காத்தார். அண்டா காணாமல் போனால் சப்பானைத் திரும்பக் கேட்பார்கள் என்ற பயம். ஆடுகள் கத்தின, பூனைகள் ஆடுகளைப் பார்த்துக் கத்தின. தங்கவேர் உள்ளே தப்பட்டை அடித்தது. பகலில் தூங்கலாம் என்று படுத்தால், வேர்த் தண்ணீர்க் கிண்ணத்தோடு முயஸ்ஸர் நின்றாள். "பகல்ல தூங்கினா ராத்திரி வராதுங்க." இத்தனை வருஷம் பகலில் படுக்கச் சொல்லி ஜன்னலை மூடியவளும் இவள்தான்.

அவருக்குக் கண்ணாடியில் தன் முகம் வேறு யாரோபோலத் தெரிந்தது. ஒரு நாள் முற்றத்தில் ஆட்டைப் பார்த்து "சலாம் தலைவரே," என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்குப் பக்கத்தில் தோலிப் இல்லை. இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அன்றுதான் புரிந்தது. மருந்து எது என்று அவருக்குத் தெரியும்: மூட்டை. அதைக் கேட்கப்போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் சப்பான் போகும், பேர் போகும், முயஸ்ஸர் காதுக்குப் போகும்.

மறுநாள் சாயங்காலம் தேநீருக்கு உட்கார்ந்தார். முயஸ்ஸர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வைத்தாள். அந்த ஊரில், போகட்டும் என்று நினைக்கும் விருந்தாளிக்குத்தான் யாரும் அப்படி ஊற்றுவார்கள். பாவம், அசதியில் கை தவறிவிட்டது என்று எர்காஷ் நினைத்தார்.

"கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்."

"போயிட்டு வாங்க." அவள் ஒரு பிளாஸ்கை அவர் கையில் கொடுத்தாள். தங்கவேர். பிறகு மடித்த மெத்தைப் போர்வை ஒன்றையும் கொடுத்தாள். "குளிரும்."

சாயங்காலத்திலும் வெயில் சித்திரைபோல அடித்துக்கொண்டிருந்தது. எர்காஷ் போர்வையைச் சுமந்துகொண்டு கிடங்குக்குப் போனார்.

வாசலில் ஒரு லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சைதலி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இனாயத் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார்.

"இனாயத் தம்பி, ஒரு உண்மை சொல்லணும்," என்றார் எர்காஷ். நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். "நான் இங்க காவல் காக்கல. முதல் நாள்லருந்து தூங்கினேன். ஒரு ராத்திரி விடாம. என்னை என்ன வேணாலும் பண்ணு. சம்பளம் வேணாம், ராத்திரி மட்டும் அந்த மூட்டை மேல படுக்க விடு."

இனாயத் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தூங்கினது தெரியாதா அண்ணே?"

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீங்க விடுற குறட்டை அப்படி. இந்தத் தகரக் கொட்டகைக்குள்ள அது ரெண்டு மடங்கா எதிரொலிக்கும். வெளிய இருக்கிற திருடன், உள்ள ஓநாயைக் கொல்ற நாய் நாலஞ்சு கட்டி வெச்சிருக்குன்னு நெனச்சான். எங்கப்பா உங்களை வேலைக்கு எடுத்ததே அதுக்குத்தான்."

எர்காஷுக்குத் தான் குறட்டை விடுவது அன்றுதான் தெரிந்தது.

"புதுசா ஒருத்தனை வெச்சேன்," என்று இனாயத் தொடர்ந்தார். "தங்கமான பையன். டார்ச் வெச்சுக்கிட்டுக் கண்கொட்டாம முழிச்சிருக்கான். சத்தமே இல்ல. நாய் செத்துப்போச்சுன்னு திருடனுங்க கூட்டமா வந்து சுவத்தைப் பிரிச்சு மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறானுங்க, இவன் ஒருத்தன் என்ன பண்ணுவான்? இன்னிக்கே வந்துடுங்க. பழைய சம்பளத்துக்கு மேலயே தரேன். ஒரே ஒரு கண்டிஷன்: ராத்திரியில முழிச்சிருக்கக் கூடாது."

எர்காஷின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு மாதமாகத் திறந்தே இருந்த கண்.

"முயஸ்ஸருக்கு மட்டும் தெரிய வேணாம் தம்பி. நான் முழிச்சிருக்கேன்னே அவ நெனைச்சுக்கட்டும்."

"வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் இனாயத். எதனாலோ அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எர்காஷ் உள்ளே போனார். அவர் உடம்புக் குழி பழைய மூட்டையில் அப்படியே இருந்தது. போர்வையை விரித்து, பிளாஸ்கைக் கீழே வைத்தார். பூட்டும் சாவியுமாக இனாயத் கதவருகே நின்றார். அவர் தோளுக்கு மேலே சைதலியின் தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, அது தங்கவேர்தானே? மிச்சமிருந்தா எனக்குக் குடுங்க. ராத்திரி கணவாய் ஏறணும், அதைக் குடிச்சாத்தான் கண்ணு சொக்காது. லாரிக்காரங்ககிட்ட இருந்ததை எல்லாம் உங்க வீட்டம்மா தெரு ஜனத்தோட வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க, நீங்க தூங்கினா தெருவுல வேற யாரும் தூங்க முடியலையாமே!"

எர்காஷ் வாயைத் திறந்தார். இனாயத் பிளாஸ்கை எடுத்துச் சைதலியிடம் கொடுத்துவிட்டு, கதவை இழுத்து மூடி, வெளியிலிருந்து பூட்டினார்.