சம்மத மேம்பாட்டுப் பிரிவின் சாதனை

இந்த மழைக்காலம் முதற்கொண்டு நமது நிறுவனத் தொடர்களில் எவர் கையும் எவர் மேலும் உரிய சம்மதமின்றிப் படலாகாது என்று சகலருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பை லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது யாரோ என் காலை மிதித்துவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போனார்.

நாங்கள் பாங்காக்கில், லாட் ப்ராவ் பக்கம், பையனும் பையனும் காதலிக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கிறவர்கள். நான் எழுதுகிறவள். பெயர் நுய். எந்தக் கதையை எடுத்தாலும் ஒருவன் பொறியியல் படிப்பான், இன்னொருவன் மருத்துவம் படிப்பான், மழை பெய்யும், குடை ஒன்றுதான் இருக்கும். முன்பெல்லாம் இதற்கு மேல் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காதல் முற்றிவிட்டால் ஒருவன் இன்னொருவனைச் சுவரோடு தள்ளி முத்தம் கொடுத்துவிடுவான். தள்ளப்பட்டவன் கொஞ்ச நேரம் திமிறுவான், பிறகு கண்ணை மூடிக்கொள்வான். தள்ளும்போது முதுகு வலிக்கக் கூடாதென்று பஞ்சு வைத்து ஒரு சுவரே செய்து வைத்திருந்தோம். நடிகர்களின் முதுகைப் பற்றி அவ்வளவு அக்கறை எங்களுக்கு.

அப்புறம் காலம் மாறியது. பார்க்கிறவர்கள், அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டானா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்வி. பல வருஷமாக என் தங்கையும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் ஒருத்தி கேட்டால் அலுவலகத்துக்குக் காது கேட்காது. எங்கள் எதிர்க் கம்பெனியின் தொடரில் கதாநாயகன், "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பிடித்தான். அது பிரேசில் வரைக்கும் ஓடியது. அப்படிப்பட்ட நாயகனுக்கு, நம்பிக் காதலிக்கலாம் என்ற அர்த்தத்தில், பச்சைக்கொடி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கள் தயாரிப்பாளர் சக்டா அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நுய், நம்ம பையனும் கேக்கணும். அவன் ஒரு தடவை கேட்டா நம்மாளு மூணு தடவை கேக்கணும்."

இப்படித்தான் சம்மத மேம்பாட்டுப் பிரிவு உதயமானது. அதற்குத் தலைவியாக பிம்பிசா அக்கா நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் கடற்பாசி வறுவல் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிங்கப்பூருக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு திரும்பி வந்தார். பிரிவுக்கு ஓர் அறை வேண்டுமே. திங்கட்கிழமை காலையில் ஒப்பனைக்காரப் பெண்கள் வந்து பார்த்தால் அவர்களுடைய கண்ணாடிகள் எல்லாம் நடைபாதையில் நின்றன. அறைக் கதவில் 'உன் எல்லையை நான் மதிக்கிறேன்' என்று இளஞ்சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

பிரிவு சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவன் முன்னால் இருப்பவனின் இடுப்பைப் பிடிக்கிற காட்சி. வண்டி கிளம்பிய பிறகு கேட்டால் அது வற்புறுத்தலாகும் என்றார் அக்கா. ஆகவே ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிறுத்திக் கேட்பதாக மாற்றினேன். கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கிற காட்சியில், கேட்டு முடிப்பதற்குள் கொசு பறந்துவிட்டது. பரவாயில்லை, கேள்விதான் முக்கியம் என்று அப்படியே வைத்தோம். மயங்கி விழுந்தவனைத் தூக்குவதில்தான் பெரிய சிக்கல். மயக்கத்தில் இருப்பவனால் சம்மதம் தர முடியாது, சம்மதமில்லாமல் தூக்க முடியாது. அரை நாள் கூட்டம் போட்டு, முந்தின காட்சியிலேயே நாயகன் சோற்றைப் பிசைந்தபடி, "நான் என்னைக்காவது மயங்கி விழுந்தா நீ என்னைத் தூக்கலாம்" என்று சொல்வதாக முடிவு செய்தோம். அந்த வரியைக் கேட்டுவிட்டு ஜனங்கள் அழுதார்களாம்.

மருத்துவ மாணவனாக நடித்தவன் பூன். பொறியியல் மாணவன் ஜோம். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். பூன் கோராட்டிலிருந்து வந்தவன். யாரைப் பார்த்தாலும் கும்பிடுவான், வாசலில் இருக்கும் காபி மெஷினைப் பார்த்துக்கூட ஒருநாள் கும்பிட்டான், தூக்கக் கலக்கம். ஏழாவது பாகத்தில் அருவிக்கு அடியில் நீண்ட முத்தம் இருந்தது. அதைப் படமெடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஸ்டூடியோவுக்குப் பின்னால் சுட்ட பன்றிக்கறி விற்கிற கடையில் அவன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். ஒட்டரிசிச் சோற்றை உருட்டினான், உருட்டினான், வாயில் போடவில்லை.

"அக்கா, அந்த அருவி சீன் எனக்கு வேண்டாம்."

ஜோமோடு ஏதாவது தகராறா என்று கேட்டேன். இல்லை, ஜோம் தங்கமானவன் என்றான். ஊரில் வீட்டுக்குத் தெரிந்தால் திட்டுவார்களா என்றேன். அம்மா தினமும் பார்க்கிறாள், சந்தையில் எல்லோரையும் பார்க்க வைக்கிறாள் என்றான். பின்னே என்ன காரணம் என்று நானும் விடாமல் கேட்டேன்.

"காரணம் இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணுமாக்கா? எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

இதைத்தான் ஏழு பாகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எனக்கு எழுத வந்ததில்லை. போய் பிம்பிசா அக்காவிடம் சொல்லேன் என்றேன். அவன் பதறிவிட்டான். எங்கள் ஊரில் கிரெங்-ஜாய் என்று ஒன்று உண்டு. அடுத்தவர் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று நம் வாயை நாமே மூடிக்கொள்வது. அது இல்லாதவனை நாங்கள் மனுஷனாகவே சேர்ப்பதில்லை. வேண்டாம் என்றால் சக்டா அண்ணன் வருத்தப்படுவார், தன் வாய் நாறுகிறதோ என்று ஜோம் கவலைப்படுவான், விளம்பரம் கொடுத்த உதட்டுக் களிம்புக் கம்பெனிக்காரர் தன் பிள்ளை போலப் பாசமாக இருக்கிறார். யாரிடம் எப்படிச் சொல்வது என்றான்.

"நீங்க எழுதிடுங்கக்கா. என் கேரக்டர் வேண்டாம்னு சொல்லட்டும். நான் சொல்ல வேண்டியதில்லாமப் போயிடும்."

எழுதினேன். அருவி, தண்ணீர், இருவர். பொறியியல் மாணவன் கேட்கிறான். மருத்துவ மாணவன், "வேண்டாம்" என்கிறான். மற்றவன், "சரி" என்கிறான். இருவரும் கரைக்கு வந்து வாழைப்பழ பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். பாகம் முடிகிறது. என் வாழ்நாளில் நான் எழுதிய உருப்படியான காட்சி அது ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

கூட்டத்தில் பிம்பிசா அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

"கேட்டது அருமை, நுய். ஆனா இந்த வேண்டாம் எங்கிருந்து வந்துச்சு?"

"கேட்டா வேண்டாம்னும் சொல்லலாமே அக்கா. அதுக்குத்தானே கேக்கறோம்."

"அது சரி. ஆனா நம்ம பிரிவோட பேரு என்ன? சம்மத மேம்பாடு. இதுல சம்மதம் எங்கே மேம்பட்டிருக்கு? குறைஞ்சு போயில்ல இருக்கு."

சக்டா அண்ணனுக்கு இதைவிடப் பெரிய விசனம். சம்மதத்தைப் பற்றிய நாடகத்தில் கடைசியில் சம்மதமே இல்லையென்றால் உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்றார். உதட்டுக் களிம்பை வாழைப்பழ பஜ்ஜிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று களிம்புக் கம்பெனிக்காரர் பணிவோடு கேட்டார். நீண்ட ஆலோசனைக்குப் பின், வேண்டாம் என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம், விளம்பர இடைவேளை முடிந்ததும் அதே பையன் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இடைவேளைக்குள் அவன் மனசு எப்படி மாறும் என்று கேட்டேன். இடைவேளை நீளமாகத்தான் இருக்கும் என்றார்கள்.

பேசாமல் பூனிடமே கேளுங்கள் என்று நான் சொன்னேன். மடத்தனம். கேட்பது என்றால் பிரிவுக்கு அல்வா மாதிரி. அருவியில் வைத்து, நாற்பது பேர் சூழ, திரைக்குப் பின்னால் நடப்பதை எடுக்கும் கேமராவும் ஓடிக்கொண்டிருக்க, பிம்பிசா அக்கா பூனுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு மரியாதை. அவன் கூச்சத்தில் தானும் மண்டியிட்டான். அவர் இன்னும் குனிந்தார், அவனும் குனிந்தான். இரண்டு தலைகளும் கூழாங்கல்லைத் தொட்ட பிறகு அவர் கேட்டார்:

"தம்பி, உனக்குக் கொஞ்சமாச்சும் இஷ்டமில்லைன்னா இப்பவே தைரியமாச் சொல்லிடு. செட்டைப் பிரிச்சுடலாம். எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டோம்."

விளக்குக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்கள். ஜோம் குளிரில் நடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றான்.

"பரவாயில்லைங்கக்கா," என்றான் பூன்.

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பாஷையில் பரவாயில்லை என்றால் இஷ்டம், கஷ்டம், நாசமாய்ப் போ, என் தலையெழுத்து எல்லாம்தான். பிரிவின் சுற்றறிக்கைப்படி அது தெளிவான நேர்மறைச் சொல். ஜோமையும் கேட்டார்கள். அவனும் பரவாயில்லை என்றான். மத்தியானம் அவன் என்னிடம் வந்து, பூனுக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும்போது தான் வேண்டாம் என்றால் நன்றாகவா இருக்கும் என்று கிசுகிசுத்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒளிபரப்பில் வேண்டாம் வந்தது, களிம்பு வந்தது, சரி வந்தது, முத்தம் வந்தது.

ஆனால் பார்க்கிறவர்கள் களிம்புக்கு முன்னால் இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். பூன் வேண்டாம் என்கிறான், ஜோம் சரி என்கிறான். அவ்வளவுதான். பூன் வேண்டாம் என்று சொன்னபோது அவன் குரல் லேசாக உடைந்தது. இவ்வளவு இயற்கையாக யாரால் நடிக்க முடியும் என்று பத்திரிகைகள் வியந்தன. பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டினார்கள். எங்களுக்கு நல்லுறவுத் தொடர்பாடல் விருது கிடைத்தது. விருதை வாங்கிக்கொண்ட பிம்பிசா அக்கா மேடையிலிருந்த எல்லோரையும் இறுகக் கட்டிக்கொண்டார்.

அடுத்து, ரசிகர் சந்திப்பு. பெரிய வணிக வளாகத்தில், குளிரூட்டிய மண்டபத்தில். மேடையில் பூன் நிற்பான். அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனைக் கட்டிப்பிடிக்கலாம். கட்டாயம் முதலில் கேட்க வேண்டும், பிரிவின் கண்டிப்பான விதி. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வரிசை நகராது என்பதால், 'ஆம்' என்பதைச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

பூனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் மாத்திரை விழுங்கிவிட்டு, "நீங்க முன் வரிசையில உக்காருங்கக்கா, உங்களைப் பார்த்தா தைரியமா இருக்கும்" என்றான். உட்கார்ந்தேன். வரிசை தூண்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எல்லோரும் எங்கள் நாடகத்தைப் பார்த்து வளர்ந்த பண்பான பிள்ளைகள், ஒருவர் கூடக் கேட்காமல் தொடவில்லை. கட்டிக்கலாமா, கட்டிக்கலாமா என்று கேட்டுக் கேட்டு அவனைப் பிழிந்தெடுத்தார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பிறகு பட்டுப் பாவாடை கட்டிய ஓர் அம்மாள் வந்தார். ஆசிரியை போலிருந்தது. கையைக் கூப்பி, கனிவாக, தம்பி, உன்னைக் கட்டிக்கலாமாப்பா என்று கேட்டார்.

பூன் அந்த அம்மாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான்.

சொல்லிவிட்டான், பிள்ளை சொல்லியே விட்டான் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்த அம்மாளின் கண்களில் நீர் திரண்டது. பிறகு மண்டபம் முழுக்க ஒரே கூச்சல், கைதட்டல், விசில். அந்த டயலாக், நேரில், நம்ம கண்ணுக்கு முன்னாடி என்று குதித்தார்கள். அம்மாள் தாவிப்போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டு, எவ்வளவு அழகா சொன்னேப்பா என்று விம்மினார். பின் வரிசைக்குக் கேட்கவில்லையாம், சக்டா அண்ணன் ஓடிப்போய் அவன் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தார். ஏற்கனவே கட்டிப்பிடித்துவிட்டுப் போனவர்கள், எங்களுக்கு மட்டும் இது கிடைக்கவில்லையே என்று திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள்.

பூன் மைக்கில் இன்னொரு தடவை சொன்னான். குரல் நன்றாக உடைந்து வந்தது.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். பொய் சொல்லக் கூடாது, இரண்டாவது தடவை சொன்னதுதான் சரியாக இருந்தது. முதல் தடவை கொஞ்சம் நம்பும்படியாக இல்லை.