நிச்சயத் தட்டும் கிடைக்காத போனும்

அக்ரஹாரம், மைசூர்.

ஹனூரில் நலமே விளங்க வாழும் சம்பந்தி சித்தையன் அவர்களுக்கு, நஞ்சுண்டசாமி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் மானத்தைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். மன்னிப்பைப் போனில் கேட்டால் மரியாதை இல்லை, மஞ்சள் தடவிய தாளில்தான் கேட்க வேண்டும் என்று என் மனைவி ரங்கம்மா சொல்லிவிட்டதால் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு எங்கள் தட்டில் புடவை, பூ, பழத்தோடு, உங்கள் மகள் மோகனப்ரியாவுக்கு இப்போது எல்லோரும் அலைகிற அந்தப் புது போனும் இருக்கும் என்று உங்கள் சொந்தபந்தம் முன்னால் மீசையை முறுக்கிச் சொன்னவன் நான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். வெள்ளை நிறத்தில் கம்பெனி கொஞ்சமாகத்தான் அனுப்புகிறதாம், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் தருமாம், அதிலும் ஆளுக்கு ஒன்றுதானாம். கண்ணாடிக்குள் ஒன்று இருக்கிறதே என்றேன். அது பார்க்க மட்டுமாம். கறுப்பு என்றால் உடனே கிடைக்கும் என்றார்கள். மங்கலத் தட்டில் கறுப்பா என்று ரங்கம்மா அங்கேயே காதைப் பொத்திக்கொண்டாள். சரி, ஆளுக்கு ஒன்றுதானே, நமக்கா ஆளில்லை என்று தம்பி, தம்பி சம்சாரம், மச்சினன் பழனி, சித்தி பாப்பம்மாள் வரைக்கும் எல்லார் பேரிலும் பதிவு போட்டேன், ஒன்றாவது விழாதா என்று. ஒரே குடும்பம்தானே என்று எல்லாவற்றுக்கும் என் நம்பரையே கொடுத்துத் தொலைத்தேன். என்னை ப்ளாக்கில் விற்கிறவன் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி, மொத்தத்தையும் ரத்து பண்ணிவிட்டது. சினிமா டிக்கெட்டைக்கூட ப்ளாக்கில் வாங்காதவன் சம்பந்தி நான்.

அப்புறம் கொள்ளேகால் கடையில் வெள்ளையில் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று பழனி சொன்னான். விழுந்தடிச்சு பஸ் ஏறினேன். நரசிபுரத்தில் பஞ்சர். போய்ச் சேர்ந்தால் கடையில் இருந்த ஜோதிமணி என்கிற பெண் சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "இப்பத்தானுங்க ஒரு பெரியவரு வாங்கிட்டுப் போனாருங்க. கடை தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து படியில உக்காந்திருந்தாருங்க. நல்ல காரியத்துக்காமுங்க."

நல்ல காரியமாவது! வயசான காலத்துல அந்தாளுக்கு எதுக்கு அந்த போன்? பேராசை புடிச்ச மனுசன். அவன் வீட்டுல டவரே எடுக்காம போகட்டும், ராத்திரி பூரா போட்டாலும் சார்ஜ் ஏறாம போகட்டும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தேன். மனசு ஆறலை.

ஆகவே, போன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் கூடுதலாக இருக்கும். பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளவும். வீட்டில் அம்மாளுக்கு எங்கள் வணக்கம், மோகனப்ரியாவுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
நஞ்சுண்டசாமி

பி.கு.: என் மகன் கவின்ராஜ் இப்போதுதான் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னான். கொள்ளேகாலில் படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் நீங்களாம், போன் உங்கள் மாப்பிள்ளையாகப் போகிற இவனுக்காம், மோகனப்ரியா ரகசியத்தை உடைத்துவிட்டாளாம். மேலே திட்டியதையெல்லாம் ஆசீர்வாதம் என்று வாசிக்கவும். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், மஞ்சள் தடவிய தாளைக் கிழிக்கக் கூடாது என்கிறாள் ரங்கம்மா. ஒரே ஒரு உதவி. வெள்ளிக்கிழமை அந்த போனைச் சத்தமில்லாமல் எங்கள் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் அதை உங்கள் மகளுக்குக் கொடுக்கிறோம். அவள் அதை என் மகனுக்குக் கொடுத்தால், அது அவர்கள் குடும்ப விஷயம்.