காற்றுக்கு மூன்று கொட்டேஷன்

ஹைதராபாத்தில் அந்த வருஷங்களில் வீடு வாங்காதவன் மனிதனே இல்லை. மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்ப எழும்ப, அவனவன் மூன்று பெட்ரூம், இரண்டு பால்கனி, ஒரு நீச்சல் குளம் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தான். ஆனால் வீட்டுக்கு அடியில் நான்கு சக்கரம் மாட்டி, அந்தச் சக்கரங்களுக்குள் இருக்கும் காற்றைக் கண்காணிக்க மூன்று கொட்டேஷன் கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் லோத்குண்டாவில் எனக்கு எதிர் வீட்டில் இருந்தார். இதை மறுப்பவர்கள் தக்க அத்தாட்சியோடு ஆசிரியருக்கு எழுதலாம். நான் பயப்பட மாட்டேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எல்லோருக்கும் அவர் எல்-ஒன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். யார் ஆகக் குறைவாகச் சொல்கிறாரோ அவருக்கு எல்-ஒன் என்று பெயர். வாங்கியே தீர வேண்டியது அவரிடம்தான். அப்படி இவர் வாங்கிப் போட்டவை: சுற்றாமல் அதிர மட்டும் தெரிந்த மின்விசிறி, பூட்டத் தெரிந்து திறக்கத் தெரியாத பூட்டு, மழை பெய்தால் மட்டும் ஒழுகும் மழைக்கோட்டு. தொழிற்சாலையில் எது உடைந்தாலும் “எல்-ஒன் வாங்கினது” என்றார்கள். பட்டம் சாமானை விட்டு மனிதர் மேல் ஒட்டிக்கொண்டது.

“நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? ரூலு அப்படி” என்பார் என்னிடம். திருநெல்வேலிப் பேச்சு அவரிடம் கடைசிவரை அப்படியே இருந்தது. “முப்பத்துநாலு வருசத்துல ஒரே ஒரு சாமானையாவது இது நல்லாருக்குன்னு வாங்கிருப்பேனா? வாங்க விட்டானுவளா?”

ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் எல்லோரும் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். எல்-ஒன் பஸ்ஸுக்கு உடம்பு கட்டும் பட்டறைக்குப் போய் ஒரு டிரெய்லர் வீடு கட்டச் சொன்னார். பதினெட்டு அடி நீளம். இரண்டு அச்சு, நான்கு சக்கரம், ஒரு ஸ்டெப்னி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஏழு கொக்கி (நான் எண்ணினேன், எனக்கு அது ஒரு வியாதி). இவை எல்லாவற்றுக்கும் காரணமான ஒரு பொருள் பின்பக்கத் தகர அறையில் இருந்தது: நாற்காலி உயரத்தில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்.

அவர் மனைவி செண்பகத்துக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. பிறந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அந்தக் கடலை அவர் பார்த்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் மாதாப்பூரில் சாஃப்ட்வேர், இங்கேயே படித்தவன், தமிழில் கேட்பான், தெலுங்கில் பதில் சொல்வான். “ஃப்ளைட்லோ வெள்ளண்டி நானா, டிக்கெட் நேனு தீஸ்தானு” என்பான்; ஃப்ளைட்டில் போங்கள் அப்பா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று அர்த்தம்.

“ஃப்ளைட்டு ஒங்க அம்மையை மதுரையில எறக்கிவிட்டுரும்டே. அதுக்கப்புறம் ஊர்ல எந்த வீட்டுக் கக்கூஸ்ல போய் அவ ஒக்காருவா? அதுக்கும் நீ டிக்கெட் எடுப்பியா?” என்று கேட்டு எல்-ஒன் போனை வைத்துவிடுவார்.

முதல் வெள்ளோட்டத்தில் நானும் இருந்தேன். பழைய ஜீப் இழுக்க, மேட்சல் சாலையில் போனோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஹைதராபாத் முதன்முதலாக ஓர் ஓடும் வீட்டைப் பார்த்து வாழ்த்துகிறது என்று எல்-ஒன் எடுத்துக்கொண்டார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி ஜன்னல் வழியே கையசைத்தார். செண்பகம் இருபுறமும் கும்பிட்டார். பதினேழு பேர் வாழ்த்தியதை நான் எண்ணினேன். பதினெட்டாவது ஆள் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு, “அரே, டயர்! டயர்!” என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரில் ஒரு டயரைக் காணோம். வெறும் ரிம் இருந்தது. டயர் மேட்சல் சாலை நெடுகப் பிய்ந்து கிடந்தது.

ஜீப்பின் டயர் போனால் ஸ்டியரிங் சொல்லிவிடும். இழுத்துக்கொண்டு வரும் டிரெய்லரில் ஒரு டயர் செத்தால் மற்ற மூன்றும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

செண்பகம் அங்கேயே, சாலை ஓரத்திலேயே சொல்லிவிட்டார்: “பின்னால வாற சக்கரத்துக்கு என்ன ஆச்சுன்னு முன்னால இருக்கவுகளுக்குத் தெரியணும். அதுக்கு ஒரு ஏற்பாடு செய்யாம நான் இந்த வண்டியில ஊருக்கு வர மாட்டேன். கடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அத்தனை பிரச்சினையும் அங்கே ஆரம்பித்தது. டயருக்குள் காற்று எவ்வளவு என்று ஓட்டுநருக்கு முன்னால் காட்டும் கருவி இருக்கிறது என்று மகன் சொன்னான். யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒன்று வாங்கியிருப்பார்கள். எல்-ஒன்னுக்கு அப்படி வாங்கத் தெரியாது. மூன்று கொட்டேஷன் இல்லாமல் அவரால் தீப்பெட்டிகூட வாங்க முடியாது.

இதற்குள் தெருச் சங்கத்தின் செக்ரெட்டரி படியேறி வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். அவர் தமிழில் பாதி சார்மினார் பக்கத்துச் சரக்கு: வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ், எதற்கு என்றால் கைக்கு, தெரு என்றால் கல்லீ.

“நக்கோ சார்! நம்ம கல்லீல இந்த டப்பா நக்கோ. ஒரு கார் திரும்ப முடியல. ஓடாத வண்டி குப்பைக்குச் சமம். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுக்கலேன்னா கிரேன் கொண்டாந்து தூக்கிருவேன்.”

“ஓடாத வண்டியா? வே, இது கொள்முதல் நிலுவையில இருக்க வண்டி. காத்துக்கு ஒரு வழி பண்ணாம ஒரு அங்குலம் நகராது. கிரேனைக் கொண்டாரும். நானும் செண்பகமும் உள்ள படுத்துக்கிடுதோம். சேத்துத் தூக்கும்.”

“ஹவ், தூக்குவேன்!”

“தூக்கும் பாப்போம்!”

மறுநாள் எல்-ஒன் ஒரு தேர்வுக் கமிட்டி அமைத்தார். உறுப்பினர் இருவர்: ஒன்று நான், இன்னொன்று அதே செக்ரெட்டரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதிராளி இல்லாத கமிட்டி ஆடிட்டுல நிக்காது அண்ணாச்சி” என்றார். செக்ரெட்டரிக்கு அதைவிட அதிர்ச்சி.

“நான் கைக்கு சார்?”

“இந்த வண்டி இங்கேருந்து போவணும்னு நெனைக்கேரா, இல்லியா?”

“ஹவ், போவணும்.”

“நானும் அதையேதான் நெனைக்கேன். ரெண்டு பேருக்கும் நோக்கம் ஒண்ணுதானவே? பெறகென்ன?”

செக்ரெட்டரி கமிட்டியில் சேர்ந்தார்.

முதல் கொட்டேஷன் ராணிகஞ்சில் ஒரு சிறிய கடை. டயரின் வால்வில் திருகும் நிற மூடிகள். காற்று சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. கொள்ளை மலிவு. “ஓடுத வண்டியில இந்தக் கலரை யாருவே எட்டிப் பாக்கது? என் பொண்டாட்டியா?” என்று எல்-ஒன் கேட்டார். கடைக்காரர், டீ குடிக்க நிற்கும்போது பார்க்கலாம் என்றார். மேட்சலில் நாங்கள் டீ குடிக்க நிற்பதற்குள் டயரே போய்ச் சேர்ந்ததை நான் நினைவூட்டினேன்.

இரண்டாவது, பேகம்பேட்டில் ஏ.சி. ஷோரூம். கழுத்துப்பட்டை கட்டிய பையன், சென்சரை டயருக்குள்ளேயே வைத்து மூடிவிடுவோம் என்றான். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த செக்ரெட்டரி திடீரென்று நிமிர்ந்தார்.

“அதுக்குள்ள பேட்டரி செத்தா?”

“டயரைக் கழட்டிப் புது சென்சர் போடணும் சார்.”

“ஒரு பேட்டரிக்காக டயரையே கழட்டணுமா? நக்கோ, நக்கோ! எழுந்திருங்க சார்” என்று எல்-ஒன்னின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மனிதர் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மூன்றாவது, மகனின் அலுவலக நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விற்கும் செட். வால்வின் மேல் திருகும் சென்சர் ஆறு. பட்டன் பேட்டரியை நாமே மாற்றலாம். ஜீப்பில் வைக்கும் சின்னப் பெட்டி ஒவ்வொரு டயரின் காற்றையும் சூட்டையும் எண்ணில் காட்டும். விலை, மூடிகளைப்போலப் பல மடங்கு. ஒரு வாரம் மாட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

அந்த வாரத்தைத் தெரு மறக்காது. எல்-ஒன் விடியற்காலைக் குளிரில் காற்றை ஐம்பதுக்கு நிறுத்தி, அதற்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் கத்தும்படி வைத்துவிட்டார். மத்தியானம் வெயில் விழுந்த பக்கத்து இரண்டு டயரும் சூடேறி, பெட்டி தெருவே அதிர அலறியது. செக்ரெட்டரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “என்ன சார், தீயா?”

“இல்லவே, வெயிலு!” எல்-ஒன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. “கத்துது பாத்தியளா அண்ணாச்சி! நான் வாங்கின சாமான்ல சொன்ன வேலையைச் செஞ்ச மொதச் சாமான் இதுதான்!”

வெயிலுக்கு இவ்வளவு என்று இடம் விட்டுக் கணக்கை மாற்றினோம். அடுத்தது தூரச் சோதனை. எல்-ஒன் ஜீப்பில் பெட்டியோடு உட்கார, நான் பின் சக்கரத்தில் சென்சரைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு மறுபடி மாட்டினேன். பெட்டி பழைய எண்ணையே காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. சென்சர் சொல்வதை நடுவில் இருந்த தகர டாய்லெட் அறை மறைத்துவிட்டது. செக்ரெட்டரி இரவெல்லாம் யோசித்திருப்பார் போல. காலையில் வந்து, சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் பெட்டி ஒன்று தனியாக இருக்கிறதாம், அதையும் சேர்த்து வாங்கியே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். அதை இரவல் வாங்கி டாய்லெட் சுவருக்குப் பின்னால் மாட்டினோம். “ஹவ்! வந்துருச்சு! நாப்பத்தொண்ணு!” என்று செக்ரெட்டரி ஜீப்பிலிருந்து கத்தியதில், தெருவை ஒட்டிய ராணுவ முகாம் மதிலுக்கு அப்பால் குதிரைகள் கனைத்தன. ரப்பர் வால்வு சென்சரின் கனத்தைத் தாங்காது ஆடும் என்று உலோக வால்வு மாற்றச் சொன்னதும் அவர்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் டிரெய்லருக்குள் விலை ஒப்பிட்டோம். மூடிகள்தான் எல்-ஒன், அதில் சந்தேகமே இல்லை. மனிதர் பேனாவை எடுத்தார். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம், கை தானாக ‘எல்-ஒன் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிவிட்டது. எழுதியதை அவரே வெறித்துப் பார்த்தார். மறுநாள் கிரேன் வரும். நிற மூடிகளை நம்பிச் செண்பகம் வர மாட்டார்.

காபி கொண்டுவந்த செண்பகம் அதை எட்டிப் பார்த்தார். “பொண்ணு பாக்கவும் இவுஹ மூணு எடம் போனாஹ அண்ணாச்சி. மூணுலயும் சீரு ஆகக் கம்மி எங்க வீட்டுலதான். இவுஹ அம்மை ஒரு மாசம் பேசல்ல. கூடச் சீரு தாற எடத்தை விட்டுட்டு என்னையக் கெட்டுனப்பவே ரூலை மீறியாச்சு.” கணவரைப் பார்த்தார். “அதுல ஒண்ணும் நட்டப்பட்டுரலியே?”

எல்-ஒன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். இரண்டாவது கோடும் போட்டார். பிறகு ஒரு முழங்கு முழங்கினார்: “எல்-த்ரீ! ஆக விலை கூடினதுதான்! எவன் கேப்பான்னு பாக்கேன்!”

“கேக்கமாட்டாங்க சார், நான் இருக்கேன்” என்றார் செக்ரெட்டரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கிரேனை ரத்து செய்ய அவர் அங்கேயே போன் போட்டார்.

ஆறு சென்சரில் நான்கு சக்கரத்துக்கு நான்கு, ஸ்டெப்னிக்கு ஒன்று. ஒன்று மிச்சம். வாங்கின சாமான் சும்மா கிடந்தால் எல்-ஒன்னுக்குத் தூக்கம் வராது. என்னைக் கேட்காமலே என் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தில் திருகிவிட்டார். “நீங்க கமிட்டி மெம்பரு. இருபத்தஞ்சு வச்சிருக்கேன். கொறஞ்சா எனக்குத் தெரியும்.”

“என் டயரைப் பற்றி உமக்கென்ன கவலை?” என்று நான் சண்டை போட்டேன்.

ஞாயிறு காலை தெரு முழுக்க நிற்க, டிரெய்லர் புறப்பட்டது. செக்ரெட்டரி முன்னால் நடந்து திருப்பத்தில் கார்களை நிறுத்தி வழி விட்டார். நாங்கள் எல்லோரும் கையாட்டினோம். ஜீப் சட்டென்று நின்றது. எல்-ஒன் தலையை வெளியே நீட்டி, பெட்டியை ஒருமுறை பார்த்து, “இது வாழ்த்துதான்” என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார். அவர்கள் போய்ப் பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது.

“அண்ணாச்சி, ஆறாம் நம்பரைக் காணோம்னு பெட்டி கத்துது.”

“நான் வீட்டில் இருக்கிறேன் ஐயா. நீங்கள்தான் போய்விட்டீர்கள். அந்த எண்ணைப் பெட்டியிலிருந்து அழித்துவிடும்.”

“கத்துனா கத்திட்டுப் போவுது” என்று வைத்துவிட்டார்.

செண்பகத்துக்குக் கடலை விட மனமில்லை. எட்டு வருஷத்தை ஈடு கட்டுகிறேன் என்று அங்கேயே இருக்கிறார். எப்போதாவது எல்-ஒன்னிடமிருந்து போன் வரும், அலைச் சத்தத்துக்கு நடுவில், “காத்து எவ்வளவு அண்ணாச்சி?” என்று கேட்பார். என் காற்று என் இஷ்டம் என்பேன் நான். டிரெய்லர் நின்ற இடத்தில் யாராவது காரை நிறுத்தப் போனால், “நக்கோ, அது எல்-ஒன் எடம்” என்று செக்ரெட்டரி கம்பை எடுத்துக்கொண்டு வருகிறார்.

நான் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தியாயிற்று. ஓடாத வண்டிக்கு எதற்குக் காற்று என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாரம் தவறாமல் தள்ளிக்கொண்டு போய் இருபத்தைந்துக்கு நிறுத்துகிறேன். பட்டன் பேட்டரியும் மாற்றுகிறேன். என்றைக்காவது அந்த வீடு லோத்குண்டாவுக்குள் திரும்பும்போது, அவர் பெட்டியில் முதலில் தெரியப்போவது என் எண்தான். அது குறைவாக இருந்துவிடக் கூடாது.