இரும்பில்லாத வள்ளத்தில் எலக்ட்ரிக் விளக்கு

கடற்கரையில் பிறந்துவிட்டுக் கடலில் இறங்கினால் வாந்தியெடுக்கும் ஆணுக்கு அந்தக் காலத்தில் பெண் கிடைப்பது மகா கஷ்டம். இராஜாக்கமங்கலம் கரை முழுவதிலும் அப்படிப்பட்டவன் ஒருவன்தான் இருந்தான். அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

வலை இழுக்க லாயக்கில்லை என்று தெரிந்ததும் வீட்டில் என்னைத் தக்கலையில் ஒரு மோட்டார் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. பஸ்ஸுக்கு விளக்கு மாட்டப் பழகினேன். அதன் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையில் திருப்புளி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டுதான் வருவேன். (கோவிலில் நற்கருணை வாங்கப் போனதும் அப்படியேதான். ஆண்டவர் மன்னிப்பாராக.)

இவ்வளவு பந்தாவும் திரேசம்மாளுக்காக. அவளைக் கட்ட முடியாவிட்டால் உயிரோடு இருந்து பிரயோசனமில்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் என்மேல் பிரியம்தான். அவள் அப்பா லூக்காஸ் மாமாவுக்குத்தான் என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவர். “கடலுக்குப் போவாத பயலுக்கு எனக்க மவளக் கட்டிக் குடுத்துட்டு, நான் எந்த மொவத்தோட கரையில நிக்க?” என்று ஊர் கேட்கச் சொல்லிவந்தார்.

அந்த வருஷம் மாமா புது வள்ளம் செய்தார். காற்றடித்தால் அரிக்கேன் விளக்கு அணைந்துபோகிறது என்பது அவருடைய நெடுநாள் குறை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏலே மக்கா, பஸ்ஸுல எரியுத வெளக்கு வள்ளத்துல எரியுமா?”

“எரியாம பின்ன? பஸ்ஸ விட வள்ளம் சின்னதுதானே மாமா!”

“அப்பம் மந்திரிப்பு அன்னிக்கு ஊருக்கு முன்னால எரியட்டு. எரிஞ்சா பொண்ணு உனக்கு. எரியல்லன்னா உன்ன இந்தப் பக்கமே காணப்பிடாது.”

புது வள்ளத்தைப் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பார். பிறகு அவரையே ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்று. அது முடிந்தால்தான் வள்ளம் தொழிலுக்கு இறங்கும்.

பஸ்ஸில் வயர் இழுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து மட்டும் சுவிட்ச் வழியாக விளக்குக்கு வயர் போகும். பாட்டரியின் மறு முனையையும் விளக்கின் மறு காலையும் பஸ்ஸின் இரும்பு உடம்பில் முடுக்கிவிட்டால் போதும், பாக்கியை இரும்பே பார்த்துக்கொள்ளும். ‘பாடியில் கொடுப்பது’ என்போம். நான் வள்ளத்திலும் அதையே செய்தேன். அடிப்பலகையில் இரண்டு பித்தளைத் தகடுகளைப் பக்கம் பக்கமாகத் திருகினேன். பாட்டரியையும் விளக்கையும் கம்பத்தின் மேலே கட்டி, ஒரு தகட்டில் பாட்டரியின் வயர், மற்றதில் விளக்கின் வயர். பாடியில் கொடுத்தாயிற்று! எங்கள் ஊர் வள்ளம் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்வது, பேருக்குக்கூட அதில் இரும்பு கிடையாது என்பது எனக்குத் தொட்டில் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்து என்ன? என் கைக்குத் தெரியவில்லை.

மந்திரிப்பன்று இருட்டுகிற வேளையில் ஊரே கரையில் கூடியிருந்தது. பெண்கள் கூட்டத்தில் திரேசம்மாள் முதல் வரிசையில் நின்றாள். சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்தார். நான் ஒரு செருமல் செருமிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை. பல்பைத் திருகினேன், பாட்டரியைத் தட்டினேன், மாதாவை வேண்டினேன். எரியவில்லை.

“மாப்பிள, கண்ணுக்குத் தெரியாத வெளக்காக்கும்!” என்று ஒருவன் கத்த, கரையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. “கேறுலே வள்ளத்துல. சுத்திட்டு வா, பொறவு கேட்டுக்கிடுதேன்” என்றார். சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் சாமியாருக்குப் பின்னால் ஏறினேன். அழுகை தொண்டையில் வந்து நின்றது. (அதற்குப் பின்னாலேயே வாந்தியும்.)

முதல் அலையைத் தாண்டும்போது ஒரு பெரிய அலை உள்ளே அடித்துவிட்டது. முழங்கால் வரை உப்புத் தண்ணீர். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தது!

கரையில் ஒரே ஆரவாரம். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த மிக்கேல், வழக்கப்படி துடுப்பை வைத்துவிட்டு, “வெள்ளம் கேறிட்டு” என்று பனையோலைப் பட்டையால் கோரிக் கோரி வெளியே ஊற்றினான். தண்ணீர் குறைந்தது. விளக்கு மங்கி அணைந்தது. அடுத்த அலை உள்ளே விழுந்தது. மறுபடியும் வெளிச்சம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே இரும்பு செய்ய வேண்டிய வேலையை உப்புத் தண்ணீர் செய்துகொண்டிருந்தது. என் கல்யாணம் அந்தத் தண்ணீரில் இருந்தது.

“மிக்கேலண்ணே, கோராதீங்க!” என்று அவன் கையைப் பிடித்தேன்.

“வெள்ளத்தக் கோரலன்னா முங்கிப் போவும்லா!”

“கொஞ்சமா முங்கட்டு அண்ணே!”

வள்ளத்துக்குக் கொஞ்சமாக முங்கத் தெரியாது. எங்கள் இழுபறியில் அது பக்கவாட்டில் திரும்பி, அடுத்த அலையில் கரையருகே இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்துவிட்டது. தலைக்கு மேல் கம்பத்தில் விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில்தான், ஜெபப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தபடி நடந்துபோகும் சாமியாரையும், வாந்தியெடுக்கும் என்னையும் ஊர் முழுக்கத் தெளிவாகப் பார்த்தது.

மாமா தண்ணீரில் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். “பாத்தியளா இவனுக்க வேலைய! வள்ளம் முங்கினாத்தான் வெளக்கு எரியுமாம்!”

தீர்ப்பு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திரேசம்மாளின் குரல் கேட்டது.

“அதுக்கென்ன அப்பா? மத்தவிய முங்கினா எங்க கெடக்காவன்னு இருட்டுல தேடணும். இவிய முங்கினா வெளக்கெரியும். கரையில நின்னே கண்டுபிடிச்சிரலாம்லா.”

மாமா அவளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொன்ன சொல் தவறாதவர். எரிந்தால் பெண் என்றார், எரிந்துவிட்டது.

கல்யாணத்தன்று கோவில் படி இறங்கியதும் என் தலையில் ஒரு குடம் கடல் தண்ணீரைக் கொட்டி, “எரியுதான்னு பாப்பம்!” என்றார் மாமா. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வரும் எந்த மாப்பிள்ளையும் இதற்குத் தப்பியதில்லை. சென்ற மாதம் என் பேத்தியைக் கட்டியவன் மின்சாரம் படித்த என்ஜினீயர். கோட்டும் சூட்டும் சொட்டச் சொட்ட நின்று, “எதுக்குத் தாத்தா இது?” என்று என்னைக் கேட்டான் பாவம். நான் வாயைத் திறப்பதற்குள் திரேசம்மாள் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னும் எரியல்ல. இன்னொரு குடம் கொண்டாங்க.”