சோப்புப் பெட்டியில் ஒரு வாத்து

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, மகள் சௌக்கியம். நீயும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் மூலமாவது வந்தால் கை, கால் எல்லாம் முளைத்துதான் வந்து சேரும். நேற்றுக் காலை இடுப்பில் ஈரத் துண்டோடு வாசலில் நின்று, ஒரு காலி சோப்புப் பெட்டியை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, "ஒரே ஒரு தடவை பேசும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கூரியர்காரர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! "சார், நான் வேணா அப்புறமா வரட்டுமா?" என்றார், ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் பேசுவார்களே, அந்தக் குரலில். கையெழுத்துகூட வாங்கவில்லை.

எல்லாம் உன்னால்தான். அக்கா போனபோது நீ ஊர் வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போன மாதம் ஃபோனில், "அத்தான், அக்கா குரல் எங்கயாவது பதிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். நானும் மார்தட்டிக்கொண்டு, இருக்கு, நாற்பது விநாடி இருக்கு என்றேன். சோப்பு வியாபாரத்துக்கென்று நாங்கள் எடுத்த ஒரே பதிவு. அதை அப்படியே உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்புகிற ஆளா நான்? அவள் கையால் செய்த கடைசி நூற்றிருபது சோப்பு பின்னறையில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டி போட்டு உறவுக்கெல்லாம் கொடுப்போம், பெட்டிமேல் கியூஆர் கோடு, ஃபோனைக் காட்டினால் அவள் பேசுவாள், நடுவில் நம் கடை முத்திரை, அதாவது கல்லூரி நாளில் அவளுக்காக நீ வரைந்து கொடுத்த வாத்து என்று திட்டம் போட்டேன். (அதைப் பாதிப் பேர் டீ கெட்டில் என்றுதான் நினைத்தார்கள். அவளிடம் சொல்லிவிட முடியுமா? "என் தம்பி வரைஞ்சது" என்று சண்டைக்கு வந்துவிடுவாள்.)

அச்சகக்காரரிடம் வாத்தைப் பெரிசாகப் போடச் சொன்னேன். போட்டார். கியூஆர் கோடு வேலை செய்யவில்லை. "சார், கொஞ்சம் மறைஞ்சா மிச்சத்தை வச்சு ஃபோன் சமாளிச்சுக்கும். நீங்க பாதியை மறைச்சா அது என்ன பண்ணும்?" என்றார். வாத்தைச் சின்னதாக்க எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது, அது வேலை செய்கிற நாளெல்லாம் வீட்டுக்கு நஷ்டம் என்று உன் அக்கா சொல்வாள். ஓரத்தில் மூன்று மூலையிலும் ஜன்னல் மாதிரி அசிங்கமா மூணு கட்டம் இருக்கே, அதை எடுத்துட்டு மூணு வாத்து போடுங்க என்றேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார், நான் விடவில்லை, நூற்றிருபது பெட்டியும் அச்சாகி வந்தது, அதில் ஒன்றோடுதான் நேற்று அந்தத் துண்டு நாடகம். மகள் வாங்கிப் பார்த்தாள். "அப்பா, அந்த மூணும்தான் ஃபோனுக்கு அடையாளம். மூணு கண்ணையும் குத்திட்டு, பாக்க மாட்டேங்குதுன்னு அழறீங்களே!" அழுகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் அவளே லேப்டாப்போடு உட்கார்ந்து, மூலைக் கட்டங்களைத் திரும்பப் போட்டு, வாத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறைத்து, சுற்றிக் கொஞ்சம் வெள்ளை விட்டு, நடுவில் வைத்தாள். ஃபோனைக் காட்டியதும் பதிவு ஓட ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கடைசிவரை கேட்டோம். முடிந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெட்டியை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

புது அச்சில் முதல் பெட்டி உனக்கு. சோப்பைத் தேய்த்துவிடாதே, அலமாரியில் வை. உன் வாத்தைக் குறுக்கியதற்கு மன்னித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கேட்டுவிட்டு என்னைத் திட்டாதே. நானும் இத்தனை நாளில் மறந்தே போயிருந்தேன். அந்த நாற்பது விநாடியில் முப்பத்தெட்டு நான் பேசுகிறேன். அவள் பேசுவது கடைசி இரண்டு விநாடிதான்: "போதும், நிறுத்துங்க."