மருந்து போடாத குண்டு

போட்டி வைத்ததும் டெல்மர்தான், அதற்கு நிபந்தனை போட்டதும் டெல்மர்தான். அதனால் வேறு யாரையும் திட்ட வழியில்லாமல், பாவம், தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறான்.

விஷயம் கடல். கல்யாணமான வருஷமே கரோலினாக் கரைக்குக் கூட்டிப்போவதாக மனைவி ஓலீட்டாவுக்கு வாக்குக் கொடுத்தான். ஆனால் அவன் வேலை பார்க்கும் மர ஆலையில் லீவு விடுவது அக்டோபரில் ஒரே ஒரு வாரம். அதே வாரத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் பழந்துப்பாக்கிக்காரர்களின் கூடாரத் திருவிழா. குழல் வாயில் வெடிமருந்து கொட்டி, துணி சுற்றிய குண்டைத் திணித்துச் சுடுகிற ஆசாமிகள். மான்தோல் சட்டை, கரும்புகை, தீயில் வாட்டிய பன்றிக்கறி, பெண்டாட்டி இல்லாத ஏழு நாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே காலத்தைக் கடத்திவிட்டான்.

இந்தத் தடவை ஓலீட்டா சோளரொட்டியைத் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இந்த வருஷமாவது கடல் உண்டா, இல்லையா?”

“ஞாயித்துக்கிழமை துப்பாக்கி கிளப்புல சிநேகப் போட்டி இருக்கு. நீயும் நானும் சுடுவோம். ஜெயிக்கிறவங்க சொல்றபடி அந்த வாரம். போதுமா?”

“எனக்கு யாரு சுடக் கத்துக்குடுத்தா?”

“நான் இருக்கேன்ல!”

கற்றுக்கொடுத்தான். தனக்குக் குழலுக்குள் வரிபோட்ட, குறி தப்பாத ரைபிள். அவளுக்கு, வீட்டில் சும்மா கிடந்த, உள்ளே வரியில்லாமல் வழவழவென்றிருக்கும் மஸ்கெட். அதன் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று குண்டுக்கே தெரியாது. “உன் தோளுக்கு இதுதாம்மா இதம்” என்றான், கூசாமல்.

அதுவும் போதாதென்று இன்னொரு திட்டம். மருந்து போடும்போது பேச்சுக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் மருந்தை மறந்து வெறும் குண்டைத் திணித்துவிடுவான். அப்படித் திணித்தால் அந்த வாய்ப்பு போச்சு. கிளப் வழக்கம் அது.

ஞாயிறு வந்தது. கயிற்றில் களிமண் சில்லுகள் தொங்கின. பக்கத்து வீட்டு ஹர்ஷல்தான் நடுவர். டெல்மர் ஒன்றை உடைத்தால் ஓலீட்டாவும் ஒன்றை உடைத்தாள். டெல்மருக்கு வியர்த்தது. கடைசிச் சில்லுக்கு அவள் மருந்தை எடுத்ததும் ஆரம்பித்தான்.

“அடுப்பை அணைச்சியா?”

“அணைச்சாச்சு.”

“பின்கதவு?”

“பூட்டியாச்சு.”

“உங்கக்கா நேத்து என்ன சொன்னா?”

“உங்களைப் பத்தித்தான். வெளிய சொல்ற மாதிரி இல்லை.”

மருந்து, துணி, குண்டு எல்லாம் வரிசையாக உள்ளே போயின. சில்லு தூள்.

“எப்படிடீ?” என்றான் தாங்கமுடியாமல்.

“உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே இத்தனை வருஷமா கேக்குக்கு மாவு அளந்தவ நான். இது ஒரு பெரிய விஷயமா?”

இப்போது அவன் முறை. அவளும் பேசுவாள் என்று மனசை இறுக்கிக்கொண்டு தயாராக நின்றான். அவள் பேசவில்லை. கைகட்டிச் சும்மா நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நின்றதில்லை.

“என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?”

மெல்லிய சிரிப்பு மட்டும். ஏதாவது தெரிந்துவிட்டதோ? மஸ்கெட் சூது புரிந்துவிட்டதோ? யோசித்தபடியே துணியில் குண்டை வைத்தான், கோலால் திணித்தான், குறி பார்த்து விசையை இழுத்தான்.

டக்.

புகையில்லை, வெடிச்சத்தமில்லை.

“டேய் டெல்மர், மருந்து போடலடா!” என்று ஹர்ஷல் கத்த, மைதானமே கைதட்டியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டான். “அந்த மஸ்கெட்ல எப்படி இவ்வளவு நேராச் சுட்டே?”

“ஒவ்வொரு அக்டோபரும் நீங்க ரைபிளைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. மஸ்கெட்டும் நானும்தான் வீட்ல. வேற என்ன பண்றது, புல்வெளில போய் டப்பாவைச் சுட்டுக்கிட்டிருந்தேன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தைத்தது. தான் புகையும் கறியுமாகச் சிரித்துக் கிடந்த வாரங்களில் இவள் தனியாக டப்பாவோடு நின்றிருக்கிறாள். ஒரே ஒரு வருஷமாவது கடலுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

“ஓலீட்டா, கடலுக்குப் போவோம். தோத்ததுக்காகச் சொல்லல. மனசாரச் சொல்றேன். நாளைக்கே ரூம் போடறேன்.”

“வேண்டாங்க. நானும் ஹர்ஷல் பொண்டாட்டியும் கூடாரத் திருவிழாவுக்குப் பேர் குடுத்தாச்சு.”

“அப்ப நான்?”

“கோழிக்கு யாராவது தீனி போடணுமே.”